பெட்டிக்குள் நான்கு வெளிச்சங்கள்

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில், துணியின் நிறத்தை ஏற்கவோ தள்ளவோ செய்கிற இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். உட்புறம் முழுக்க மங்கிய சாம்பல் நிறம். முன்பக்கம் திறந்திருக்கும். மேலே நான்கைந்து விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்சு. லைட் பாக்ஸ் என்பார்கள். துணியை வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துண்டையும், அதைப் பார்த்துச் சாயப்பட்டறை சோதனையாகச் சாயமேற்றிக் கொடுத்த லேப் டிப் துண்டையும் உள்ளே ஒட்டினாற்போல் வைத்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். முதல் விளக்கில் இரண்டு துண்டுக்கும் நடுவே கோடே தெரியாது. அடுத்த விளக்கில் ஒன்று லேசாகச் சிவந்துவிடும். "டி65-ல ஓகே. டிஎல்-ல ரெட் அடிக்குது" என்று சொல்லித் துண்டைத் திருப்பி அனுப்புவார்கள். டையிங் மாஸ்டர் ரெசிபியை மாற்றி மறுபடி போடவேண்டும்.

அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் அதே ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஒளியியல்' பாடம் படிக்கிறார்கள். நிறமாலை என்றால் அவர்களுக்கு விப்ஜியார். அதற்கு இரண்டு பக்கமும் ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை நீளும் ஒரு பட்டியல். பட்டியலை ஒப்பித்தால் மதிப்பெண் உண்டு. அப்பாவோ அம்மாவோ தினமும் சுவிட்சு போட்டுப் பார்க்கிற பெட்டியும் இந்தப் பட்டியலும் ஒரே சங்கதி என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். கொங்கு நாட்டில் மின்காந்த நிறமாலையைக் கற்பிக்க அந்தப் பெட்டியைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அதனால் இந்த அத்தியாயமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

விளக்கை மாற்றினால் நிறம் ஏன் மாறவேண்டும்? இரண்டு துணியும் சேர்ந்து மாறியிருந்தால் புரிந்துகொள்ளலாம். முந்தைய விளக்கில் ஒன்றாய்த் தெரிந்தவை அடுத்த விளக்கில் பிரிவது எப்படி?

வெள்ளை வெளிச்சம் பல நிறங்களின் கலவை என்று நியூட்டன் 1666 வாக்கில் தொடங்கிய முப்பட்டகச் சோதனைகளில் கண்டார். 1672-ல் அதை வெளியிட்டார். பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. சாயக்காரருக்கு இதற்கு அடுத்த படி வேண்டும். வெள்ளை என்று நாம் சொல்லும் வெளிச்சத்துக்கு ஒரே ஒரு கலவை இல்லை. டி65 என்பது பகல் வெளிச்சத்துக்கு வகுத்த உலக அளவுகோல். 6500 கெல்வின் நிறவெப்பம். ஊதா முதல் சிவப்பு வரை எல்லா அலைநீளமும் அதில் நிறைந்திருக்கும். டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் புழங்கிய ஒருவகைக் குழல்விளக்கு. அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி சில குறுகிய பட்டைகளில் குவிந்திருக்கும்: 545 நானோமீட்டரை ஒட்டிய பச்சை, 611-ஐ ஒட்டிய சிவப்பு, கொஞ்சம் நீலம். இடைப்பட்ட இடங்களில் வெளிச்சம் சொற்பம். மூன்றாவது விளக்கான ஏ, பழைய குண்டு பல்பு. 2856 கெல்வினில் எரியும் கம்பி அது. நீலம் குறைவு, சிவப்பு அதிகம். நான்காவது புற ஊதா. அதற்குப் பிறகு வருவோம்.

துணிக்குத் தன் நிறம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அலைநீளத்திலும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. பெரிய சாயப்பட்டறைகளில் இருக்கும் நிறமாலைமானி இதைத்தான் அளக்கிறது. 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை பத்துப் பத்தாகப் போனால் 31 எண்கள். துணியின் முழு வரலாறும் அந்த 31 எண்களில் இருக்கிறது.

நம் கண்ணுக்கோ 31 எண்களைப் படிக்கும் வசதி இல்லை. விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. ஒன்று 420 நானோமீட்டர் பக்கத்திலும், ஒன்று 530-ஐ ஒட்டியும், ஒன்று 560-ஐ ஒட்டியும் அதிகம் தூண்டப்படும். ஒவ்வொரு வகையும் தனக்கு வரும் எல்லா அலைநீளங்களையும் கூட்டி ஒரே எண்ணாக மூளைக்கு அனுப்புகிறது. 31 எண்கள் உள்ளே போய், மூன்று எண்கள் வெளியே வருகின்றன. தேர்வில் இரண்டு மாணவர்கள் 412 என்று ஒரே மொத்தம் வாங்கியிருக்கலாம். ஒருவர் கணக்கில் கெட்டி, இன்னொருவர் தமிழில் கெட்டி. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இருவரும் ஒன்றுதான். கணக்குக்கு மட்டும் இரட்டை மதிப்பெண் என்று அறிவித்தால் இருவரும் பிரிந்துவிடுவார்கள். விளக்கை மாற்றும்போது நடப்பது இதுவே. டிஎல்84 சில அலைநீளங்களுக்குக் கூடுதல் எடை தருகிறது. பகல் வெளிச்சத்தில் சமமாயிருந்த மொத்தம் அங்கே சமமாயில்லை.

சாயக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்று சொல்கிறார்கள். மிகச் சாதாரணமாக இது வந்து நிற்கும் இடம் தையல் நூல். உடம்புத் துணி பருத்தி, அதற்கு ரியாக்டிவ் சாயம். நூல் பாலியஸ்டர், அதற்கு டிஸ்பர்ஸ் சாயம். இரண்டும் வேதியியலில் வேறு வேறு குடும்பம்; வெளிச்சத்தை உறிஞ்சும் இடங்களும் வேறு. திறமையான மாஸ்டர் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். 31 எண்களையும் ஒன்றாக்க அவரால் முடியாது. சாயம் அதற்கு இடம் தராது. எனவே எந்தெந்த விளக்கில் பொருந்தவேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். கடையில் எந்த விளக்கு எரிகிறதோ அதை வைத்து பையர் விளக்கைக் குறிப்பிடுகிறார். ஒரு பனியனின் நிறத்தை முடிவு செய்வதில் ஐரோப்பாவில் எங்கோ ஒரு கடையின் கூரை விளக்குக்கும் பங்குண்டு.

லைட் பாக்ஸ் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் சாயக்காரர்களும் ஓவியர்களும் வடக்கு ஜன்னலை நம்பினார்கள். அங்கே பகலின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் அநேகமாக வராது. வானத்தின் சீரான வெளிச்சம் மட்டும் வரும். இந்த விதியைக் கொங்கு நாட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. திருப்பூர் 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில்தான் வெயில். ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலை ஆண்டு முழுவதும் குறித்துவந்தால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் இதைத் தானே கண்டுபிடிக்கலாம்.

வகுப்பறையில் வெளிச்சங்களைப் பிரித்துக் காட்ட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழைய சிடி ஒன்று போதும். அதன் மேல் ஓடும் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. அது வெளிச்சத்தை அலைநீளவாரியாகப் பிரிக்கும். ஓர் அட்டைப் பெட்டியில் மெல்லிய கீறல் போட்டு, உள்ளே சிடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தால், மெழுகுவத்தி ஒட்டிய பட்டையாகத் தெரியும். பழைய சிஎஃப்எல் பல்பு தனித்தனிக் கோடுகளாக உடையும். எல்இடியில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல மேடும், அதற்கப்பால் பச்சை முதல் சிவப்பு வரை அகன்ற மேடும் இருக்கும். நீல எல்இடிமேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் அந்த வெள்ளையைச் செய்கிறார்கள். அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்கே அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. சூரியனை மட்டும் இந்தப் பெட்டி வழியாகவும் நேராகப் பார்க்கவே கூடாது. வானத்தைப் பார்த்தால் போதும்.

இப்போது நான்காவது சுவிட்சு. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதாவை மட்டும் போட்டால், பெட்டிக்குள் கண்ணுக்கு வெளிச்சம் அநேகமாக இல்லை. ஆனால் வெள்ளை பனியன் நீல வெண்மையாகப் பளீரிடும். பக்கத்தில் கிடக்கும் சாயமிடாத பருத்தித் துணி மங்கிக் கிடக்கும். பருத்தியின் இயல்பு நிறம் லேசான பழுப்பு. அதை வெளுப்பாகக் காட்ட வீட்டில் சொட்டு நீலம் போடுகிறோம். சொட்டு நீலம் மஞ்சள் பக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் உறிஞ்சிச் சமன் செய்கிறது. துணி திருப்பி அனுப்பும் மொத்த வெளிச்சம் அதனால் குறையத்தான் செய்யும். பட்டறையில் போடும் டினோபால் போன்ற வெளுப்பூட்டிகளின் வழி வேறு. கண்ணுக்குத் தெரியாத 350 நானோமீட்டர் பக்கத்துக் கதிரை வாங்கிக்கொண்டு, 440 பக்கத்தில் நீல வெளிச்சமாகத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் புது வெள்ளைச் சட்டை வெயிலில் அப்படி மின்னுகிறது. எல்இடி விளக்கின் கீழ் புற ஊதா இல்லாததால் அந்த மினுக்கு இறங்கிவிடுகிறது.

1801-ல் ரிட்டர் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளிக்குளோரைடு வேகமாகக் கறுப்பதைக் கண்டு புற ஊதாவைக் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு வெள்ளிக்குளோரைடு கிடைக்காது. ஈரோட்டு மஞ்சள் கிடைக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சளில் ஒரு சிட்டிகை எடுத்துச் சானிடைசரிலோ ஸ்பிரிட்டிலோ கலக்கி, தெளிந்ததும் கள்ளநோட்டு பார்க்கிற சிறு யூவி விளக்கை அதன்மேல் அடித்துப் பாருங்கள். திரவம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஊதா, புற ஊதாக் கதிர்களை வாங்கி, சற்று நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருகிறது. வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாய்ப் போய்விடுவதால், திருப்பித் தரும் அலை எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். அதே விளக்கில் ரூபாய் நோட்டையும் நோட்டுப்புத்தகத் தாளையும் அருகருகே காட்டுங்கள். புத்தகத் தாள் நீலமாக ஒளிரும், அதில் வெளுப்பூட்டி இருக்கிறது. ரூபாய்த் தாள் ஒளிராது. அதன் எண்களும் நுண்ணிழைகளும் மட்டும் ஒளிரும். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மஞ்சளை விடுவதற்கு முன் ஆரத்தித் தட்டையும் பார்த்துவிடலாம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. கரைசல் காரமாகும்போது குர்க்குமின் மூலக்கூறின் எலக்ட்ரான் அமைப்பு மாறி, அது வெளிச்சத்தை உறிஞ்சும் இடம் நீலத்திலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது. நீலம் மட்டும் போனால் மிஞ்சுவது மஞ்சளாகத் தெரியும். பச்சையும் சேர்ந்து போனால் மிஞ்சுவது சிவப்பு. வீட்டு வாசலில் நாம் செய்வது ஒரு நிறமாலைச் சோதனை.

சட்டையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் போகிறது என்பதில்தான் நிறமாலையின் மிக முக்கியமான பாடம் இருக்கிறது. ஒளி ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாக, அதாவது ஒளித்துகள்களாகத் தருகிறது. அலைநீளம் குறையக் குறையப் பொட்டலம் பெரிதாகிறது. 700 நானோமீட்டர்ச் சிவப்பில் ஒரு ஒளித்துகளுக்கு 1.8 எலக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதாவில் 3.1. புற ஊதாவில் இன்னும் அதிகம். மூலக்கூறின் பிணைப்பையே குலைக்க அது போதும். சாயத் துணி வெளுப்பதும் இதே காரணத்தால். எனவே ஏற்றுமதித் துணியை செனான் விளக்கின் கீழ் வைத்து வாட்டி, கூடவே வைத்த எட்டு நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை தரம் போடுகிறார்கள்.

செல்போன் கோபுரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லவேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதன் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல் ஊதா ஒளித்துகளில் எட்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அது மூலக்கூறுகளை உடைக்காது. மிக வலுவாக வந்தால் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாவற்றையும் போட்டுப் பயப்படுவதற்குப் பதில் எந்த அலைநீளம் என்று கேட்கப் பிள்ளைகள் பழகவேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பை ஒட்டி அதற்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தின் சிவப்புக்கு வெளியே வெப்பமானியை வைத்து இதைக் கண்டார். குண்டு பல்பின் வெளிச்சம் உச்சம் தொடுவது ஆயிரம் நானோமீட்டர் பக்கத்தில். அதாவது அதன் ஆற்றலில் பெரும்பகுதி நாம் பார்க்கவே முடியாத இடத்தில் செலவாகிறது. ஆனால் இதைவிடச் சுவையான சோதனை பனியன் குடோனிலேயே இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்ததும் சிசிடிவி காமிரா 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியைத் தானே போட்டுக்கொள்ளும். அப்போது திரையில் பல கறுப்பு பனியன்கள் வெளிறிய சாம்பலாக, சில வெள்ளையாகவே தெரியும். கறுப்புச் சாயம் 400 முதல் 700 வரை உறிஞ்சும்படி செய்யப்பட்டது. அதற்குமேல் உறிஞ்ச அதற்கு அவசியம் இல்லை, கேட்கிற பையரும் இல்லை. கறுப்பு என்பது நம் கண்ணின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் நிறம்.

கண்ணின் எல்லையை நம்பியதால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. சாயக்கழிவு ஆற்றில் கலந்தபோது முதலில் தெரிந்தது நிறம். நிறத்தை நீக்கினால் தண்ணீர் தெளிந்துவிடும், பார்க்கிறவருக்கு நிம்மதி வரும். ஆனால் ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தியில் ஏற்ற நிறைய உப்பு போடவேண்டும். அந்த உப்பு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எதையும் உறிஞ்சுவதில்லை. தெளிந்த தண்ணீரில் அது அப்படியே இருந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய அந்தத் தண்ணீர் பயிருக்கு உதவவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் உப்பைப் பிரித்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத அமைப்பு வந்த பிறகே தொழில் மீண்டது. தெளிவாய்த் தெரிவதெல்லாம் சுத்தம் என்று நம்பாத ஒரு தலைமுறை இந்த ஆற்றங்கரையில் வளரவேண்டும் என்பது என் ஆசை.

நிறமாலையின் மறுகோடியைப் பார்க்க மேட்டுப்பாளையம் வழியாக மலையேறவேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொலைநோக்கி படுத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது. 1970-ல் இயங்கத் தொடங்கியது. 326.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை, அதாவது 92 சென்டிமீட்டர் நீள அலைகளை, அது வானத்திலிருந்து வாங்குகிறது.

ஏன் அந்தச் சரிவு? ஊட்டியின் அட்சரேகை 11 பாகையைச் சற்றுத் தாண்டியது. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியை அதன் மேல் கிடத்தினார்கள். அப்போது தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடுகிறது. பூமி சுழலும் வேகத்துக்கு எதிராக அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்வதால் கிடைத்த வசதி இது. வடக்கு ஜன்னலை நமக்குக் கெடுத்த அதே 11 பாகை இங்கே உதவிக்கு வருகிறது. 50 பாகையில் இருக்கும் நாட்டில் 50 பாகைச் சரிவில் அரை கிலோமீட்டர்க் கருவியை நிறுத்துவது நடக்கிற காரியமா?

நிலா நகரும்போது தொலைதூர ரேடியோ மூலங்களை ஒவ்வொன்றாக மறைக்கும். மறையும்போது அதன் அலை குறையும் விதத்தைத் துல்லியமாகக் குறித்தால் அந்த மூலத்தின் கோண அளவு கிடைக்கும். ஊட்டியில் இப்படி அளந்த நூற்றுக்கணக்கான மூலங்கள், பேரண்டம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை, காலப்போக்கில் மாறிவந்தது என்ற கருத்துக்கு வலு சேர்த்தன.

பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனால் அவர்கள் முதலில் கேட்பது, கண்ணாடி எங்கே என்பதாகத்தான் இருக்கும். அங்கே இருப்பது கம்பிகள். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 30 மீட்டரை 1,100-ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: கம்பிக்குக் கம்பி மூன்று சென்டிமீட்டருக்குள். 92 சென்டிமீட்டர் அலைக்கு அந்த இடைவெளி கண்ணிலேயே படாது. கம்பி வரிசை அதற்கு வழுவழுப்பான ஆடி, அப்படியே குவியத்துக்குத் திருப்பிவிடும். அரை மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கண்ணொளிக்கோ எல்லாமே இடைவெளி. கம்பிகளுக்கு ஊடே பின்னாலிருக்கும் மலையைப் பார்க்கலாம். அடுத்த கணக்கு வீட்டுக்கு: மொட்டை மாடியில் இருக்கும் டிடிஎச் தட்டு வாங்கும் அலை சுமார் 11 கிகாஹெர்ட்ஸ். அதன் நீளம் 2.7 சென்டிமீட்டர் வரும். கம்பி இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு. முத்தோரையின் அரை கிலோமீட்டர் ஆடி அந்த அலையை ஒழுங்காகத் திருப்பாது, பெரும்பகுதியைக் கசியவிட்டுவிடும். மாடியிலிருக்கும் சிறு தட்டு ஓட்டையில்லாத தகடாக இருப்பது அதனால்தான்.